தேனீ வளர்க்க விரும்புவோருக்கும் வளர்க்க இடமில்லாதோருக்கும்

(எமது சங்கத்தின் குடும்ப ஒன்றுகூடலில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஊரில் வேம்பு பூத்துச் சொரியும் இந்த நாட்களில், இங்கு சுவிஸின் சமவெளிப் பகுதிகளில் செரி மரங்கள் வெள்ளையாகப் பூத்து நிற்கும். புல்வெளி முழுக்க லோவென்சான் மஞ்சளாகக் கிடக்கும். தேனீ வைத்திருப்பவனுக்கும் இதுதான் வருடப்பிறப்பு. குளிர்காலம் முழுவதும் பெட்டிக்குள் ஒடுங்கிக் கிடந்த கூட்டம் பெருகத் தொடங்கும் காலம் இது.

நான் பேர்ண் மாநிலத்துக் கிராமம் ஒன்றில் ஆறு தேனீக் கூட்டங்கள் வைத்திருக்கிறேன். அது தெரிந்த எம்மவர் பலர் கோயிலிலும் கலியாண வீட்டிலும் கண்டால் கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணை, நானும் ரெண்டு பெட்டி வைக்கலாமோ? பென்சன் எடுத்திட்டன், சும்மா வீட்டில இருக்க ஏலாமல் கிடக்கு." இருபத்தைந்து, முப்பது வருடம் உணவகச் சமையலறையிலும் வைத்தியசாலையிலும் தொழிற்சாலையிலும் நின்று உழைத்த சனம். அந்தக் கேள்வியின் நியாயம் எனக்கு விளங்குது. ஆனால் அதற்கு ஒரு சொல்லில் "ஓம்" என்று சொல்ல முடியாது. ஏன் முடியாது என்பதையும், "இல்லை" என்று விடை வந்தால் என்ன செய்யலாம் என்பதையும் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

ஊர்த் தேனீயும் இங்குள்ள தேனீயும்

முதலில் ஒன்றை விளங்கிக் கொள்ள வேண்டும். ஊரில் நாம் கண்ட தேனீ வேறு, இங்கு பெட்டியில் இருக்கும் தேனீ வேறு. எங்கள் நாட்டில் தேன் சேர்க்கும் வகை நாலு. உயர்ந்த மரக்கிளையிலும் பாறையிலும் ஒற்றைப் பெரிய வதை கட்டும் மலைத்தேனீ; பற்றைக்குள் கையளவு வதை கட்டும் கொம்புத்தேனீ; மரப்பொந்துக்குள் பல வதைகளை அடுக்காகக் கட்டும் பொந்துத்தேனீ; சுவர் வெடிப்புக்குள் இருக்கும், கொட்டத் தெரியாத கொசுத்தேனீ. இவற்றுள் பொந்துத்தேனீயைத்தான் மனிதர் மண்பானையிலும் மரப்பெட்டியிலும் வைத்து வளர்த்தார்கள். திருச்சிராப்பள்ளியில் பணிபுரிந்த நியூட்டன் அடிகளார் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தச் சிறிய தேனீயின் அளவுக்கு ஏற்ப அமைத்த பெட்டி இன்றும் நியூட்டன் பெட்டி என்றே அழைக்கப்படுகிறது.

எங்கள் பொந்துத்தேனீக்கு இடம் பிடிக்காவிட்டால், பூ குறைந்தால், கூட்டத்தோடு எழும்பிப் போய்விடும். இங்குள்ள மேற்கத்தேயத் தேனீ அப்படியல்ல. அது உடம்பில் பெரியது, இருந்த இடத்திலேயே இருந்து குளிர்காலத்துக்கு வேண்டிய தேனைச் சேமிக்கும். நாம் எடுத்து உண்பது அதன் குளிர்காலச் சாப்பாட்டை. இதை மறக்கவே கூடாது.

சுவிஸ் தேனீக்குப் பேர்போன நாடு. ஜெனீவாவில் 1750 இல் பிறந்த பிரான்சுவா ஊபேர் என்பவரைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பதினைந்து வயதளவில் பார்வை மங்கத் தொடங்கிப் பின்னர் முற்றாகக் கண் தெரியாமல் போனவர். தன்னுடைய பணியாளர் பியூர்னென் என்பவரின் கண்களைத் தன் கண்ணாகக் கொண்டு, "இதைத் திறந்து பார், அதை எண்ணிப் பார்" என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு ஆராய்ந்தார். புத்தகத்தின் தாள்களைப் புரட்டுவது போலத் திறந்து பார்க்கக்கூடிய ஒரு கூட்டை அமைத்தார். இராணித்தேனீ கூட்டுக்கு வெளியே, பறக்கும்போதே ஆண் தேனீக்களோடு சேருகிறது என்பதைக் கண்டு சொன்னவர் இவர். அவரது நூல் 1792 இல் வெளிவந்தது. கண் தெரியாத ஒருவர் தேனீயைப் பற்றி அந்தளவு அறிந்தார் என்றால், டொச் பாசை முழுக்க வராத எங்களாலும் பழகலாம். பொறுமைதான் வேணும்.

ஒரு கூட்டத்தின் வருடம்

ஒரு கூட்டத்தில் இராணி ஒன்று. நல்ல காலத்தில் நாளொன்றுக்கு ஆயிரத்து ஐந்நூறு முட்டைக்கு மேலும் இடும். முட்டையிலிருந்து வேலைக்காரத் தேனீ வெளிவர 21 நாள், இராணிக்கு 16 நாள், ஆண் தேனீக்கு 24 நாள். இந்த மூன்று எண்களையும் பாடமாக்கினால் தேனீ வளர்ப்பில் பாதிக் கணக்கு வந்துவிடும். கோடையில் ஒரு கூட்டத்தில் முப்பது, நாற்பதாயிரம் தேனீ இருக்கும். கோடைத் தேனீயின் ஆயுள் ஏறக்குறைய ஆறு கிழமை. ஆனால் இலையுதிர் காலத்தில் பிறக்கும் தேனீ ஆறு மாதமளவில் வாழும். அதுதான் கூட்டத்தை அடுத்த வசந்தத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

வைகாசி, ஆனியில் கூட்டம் நெருக்கமானால் பழைய இராணி பாதிக் கூட்டத்தோடு வெளியேறி எங்காவது மரக்கிளையில் கொத்தாகத் தொங்கும். சுவிஸ் குடியியல் சட்டக்கோவையின் 719 ஆவது பிரிவில் இதற்கென்றே ஒரு வசனம் இருக்கிறது: தேனீக் கூட்டம் பிறர் காணிக்குள் போய்விட்டது என்பதற்காக அது உரிமையாளர் அற்றதாகிவிடாது. சொந்தக்காரர் போய் எடுத்து வரலாம். ஆனால் அது இன்னொருவரின் தேனீக்கள் இருக்கும் பெட்டிக்குள் புகுந்துவிட்டால், அந்தப் பெட்டிக்காரருக்கே சொந்தம், நட்டஈடு கிடையாது. ஊர்விட்டு ஊர் வந்த நாங்கள் இந்தச் சட்டத்தை வாசிக்கும்போது கொஞ்சம் சிரிப்பும் வரும், கொஞ்சம் யோசனையும் வரும்.

கோடையில் தேன் எடுத்தவுடன் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் பலர். உண்மையில் அப்போதுதான் முக்கிய வேலை தொடங்குகிறது. ஆவணி, புரட்டாதியில் சீனிப்பாகு காய்ச்சிக் கொடுத்து, குளிர்காலத்துக்கு இருபது கிலோ அளவில் உணவு இருக்கும்படி செய்யவேண்டும். கூடவே உண்ணிக்கு மருந்தும் போடவேண்டும்.

வரோவா என்னும் உண்ணி

சுவிஸில் தேனீ வைத்திருப்போரின் பெரிய கவலை வரோவா என்ற சிறு உண்ணி. குண்டூசித் தலையளவு, செம்மண் நிறம். அது இந்நாட்டுக்கு வந்தது 1984 இல். அதன் பழைய வீடு எது தெரியுமோ? எங்கள் ஆசியாவின் பொந்துத்தேனீதான். காலங்காலமாக ஒன்றாக வாழ்ந்தபடியால் எங்கள் தேனீக்கு அதைச் சமாளிக்கத் தெரியும். ஒன்றையொன்று துப்புரவாக்கும், உண்ணியும் அங்கு பெரும்பாலும் ஆண் புழுக்களின் அறைகளில் மட்டுமே பெருகும். மேற்கத்தேயத் தேனீயை மனிதர் ஆசியாவுக்குக் கொண்டு போனபோது உண்ணி அதற்குத் தாவியது. அதற்கோ பழக்கமில்லை. வேலைக்காரத் தேனீயின் புழு அறையிலும் உண்ணி பெருகும். கொழுப்பை உறிஞ்சி, வைரஸ் நோய்களையும் பரப்பும். வளரும் தேனீ இறகு சுருண்டு பிறக்கும்.

மருந்து போடாத கூட்டம் பெரும்பாலும் இரண்டு மூன்று வருடத்துக்குள் அழிந்துவிடும். இங்கு வழக்கம் இதுதான்: வசந்தத்தில் ஆண் புழு அறைகளை வெட்டி எடுப்பது, தேன் எடுத்த பின் ஆடி முடிவிலிருந்து போமிக் அமிலம், மார்கழியில் புழு இல்லாத வேளையில் ஒக்சாலிக் அமிலம். இரண்டும் எரிக்கும் அமிலங்கள். கையுறை, கண்ணாடி இல்லாமல் தொடக்கூடாது. மருந்துக்கும் கூட்டத்தின் நிலைக்கும் ஏற்ற அறிவுரையை பேர்ண் லீபஃபெல்டில் உள்ள அக்றோஸ்கோப் தேனீ ஆராய்ச்சி நிலையமும் தேனீச் சுகாதார சேவையும் எழுதித் தருகின்றன.

"நான் மருந்தே போடமாட்டன், இயற்கையா விடப்போறன்" என்று சொல்பவர்கள் உண்டு. நோயில் விழுந்த கூட்டத்தைப் பக்கத்துக் கூட்டங்கள் கொள்ளையடிக்கும். தேனோடு உண்ணியையும் வீட்டுக்குக் கொண்டு போகும். ஆகவே ஒருவரின் அலட்சியம் அயலில் உள்ள எல்லோருடைய பெட்டியையும் கெடுக்கும். 1991–92 காலத்தில் தென்னிந்தியாவில் தாய்லாந்துப் பைப்புழு வைரஸ் பரவியபோது, மார்த்தாண்டம் போன்ற பேர்போன தேனூர்களில் பெட்டி பெட்டியாகப் பொந்துத்தேனீக் கூட்டங்கள் வெறுமையாகின. தேனீயில் தனியாள் என்று ஒருவர் கிடையாது. எல்லாம் ஊர்ப் பொது.

தொடங்குவது எப்படி?

முதலாவது, பெட்டி வாங்காதீர்கள். வகுப்புக்குப் போங்கள். டொச் பேசும் பகுதியில் தேனீ வளர்ப்போரின் சங்கம் 1861 இல் தொடங்கியது. இன்று அது பீனன் சுவைஸ் என்ற பெயரில் இயங்குகிறது. பிரெஞ்சுப் பகுதிக்கும் தெசினுக்கும் தனித்தனிச் சங்கங்கள் உண்டு. அவற்றின் உள்ளூர்ப் பிரிவுகள் நடத்தும் அடிப்படை வகுப்பு இரண்டு வருடம், பதினெட்டு அரைநாள். பெட்டியைத் திறந்து வைத்துத்தான் பாடம். அங்கு பேசுவது சுவிஸ் டொச் என்பது உண்மை. ஆனால் கையால் செய்யும் வேலைக்கு அரைவாசிப் பாசை போதும். மிச்சத்தைப் பக்கத்தில் நிற்கும் விவசாயி சொல்லித் தருவார். முப்பது வருடம் ஒரே ஊரில் இருந்தும் அயலவரோடு "குறுயெட்சி" மட்டும் சொல்லிப் பழகிய எம்மவருக்கு, இது ஊரோடு சேர ஒரு நல்ல வாசல்.

இரண்டாவது, இடம். காலை வெயில் படவேண்டும், பலத்த காற்று கூடாது, பறந்து வரும் வழி நடைபாதைக்கு எதிரே இருக்கக்கூடாது. வாடகை வீடென்றால் வீட்டுக்காரரின் சம்மதம் வேண்டும். சிறு தோட்டக் காணி என்றால் அந்தத் தோட்டச் சங்கத்தின் சம்மதம் வேண்டும். பல தோட்டச் சங்கங்கள் தேனீப் பெட்டியை அனுமதிப்பதில்லை.

மூன்றாவது, பதிவு. 2010 ஆம் ஆண்டிலிருந்து தேனீ வைத்திருக்கும் ஒவ்வொரு இடமும் மாநில அரசிடம் பதியப்பட வேண்டும். தரப்படும் இலக்கத்தைப் பெட்டி இருக்கும் இடத்தில் தெரியும்படி வைக்கவேண்டும். ஒரு பரிசோதகரின் வட்டாரத்திலிருந்து இன்னொன்றுக்குக் கூட்டத்தைக் கொண்டு போனால் அறிவிக்க வேண்டும். கூட்டங்களின் வரவு செலவுப் பதிவேடு எழுதவேண்டும். புழு அழுகல் நோய்கள் இரண்டும் சட்டப்படி அறிவிக்க வேண்டியவை. சந்தேகம் என்றாலே பரிசோதகரைக் கூப்பிட வேண்டும். அகதி விண்ணப்பத்தோடு வாழ்க்கை தொடங்கிய எங்களுக்குப் படிவம் நிரப்புவது புதிதல்லத்தானே!

நான்காவது, ஆசிய ஹோர்னெட் என்ற குளவி. தேனீக் கூட்டின் வாசலில் நின்று பறந்தபடியே தேனீயைப் பிடிக்கும். 2004 இல் பிரான்சில் கண்டறியப்பட்டு, 2017 இல் யூரா மாநிலம் வழியாக சுவிஸுக்குள் வந்தது. கண்டால் படமெடுத்து உரிய அறிவிப்புத் தளத்துக்கு அனுப்புங்கள். கூட்டை நீங்களாகக் கலைக்கப் போகவேண்டாம்.

ஐந்தாவது, உடம்பு. தேனீ கொட்டி வீங்குவது வழமை. ஆனால் கொட்டிய இடம் தவிர உடம்பெல்லாம் தடித்தாலோ, மூச்சு முட்டினாலோ, தலை சுற்றினாலோ தாமதிக்காமல் 144 ஐ அழையுங்கள். இன்னுமொன்று, எங்கள் வழக்கத்தில் பிறந்த பிள்ளையின் நாக்கில் தேன் தொட்டு வைப்போம். தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்து குழந்தையின் குடலில் நஞ்சை உண்டாக்கலாம். ஒரு வயது முடியும்வரை தேன் கொடுக்கக்கூடாது. பேத்தியார்மார் குறை நினைக்காமல் கேளுங்கோ.

இதில் இலாபம் உண்டோ என்று கேட்பீர்கள். ஒரு கூட்டத்தில் ஒரு வருடம் இருபது கிலோவுக்கு மேல் வரும், மற்ற வருடம் வசந்தம் மழையாய்ப் போனால் ஒன்றுமே வராது. இங்கு பெரும்பாலானோர் பத்துப் பெட்டிக்கு உள்ளும் புறமுமாக வைத்திருப்பது விருப்பத்துக்குத்தான். வாரத்தில் ஒரு நாளாவது, சித்திரையிலிருந்து புரட்டாதி வரை ஒதுக்க வேண்டும். கோடை விடுமுறைக்கு ஆறு கிழமை ஊருக்குப் போகும் குடும்பம் என்றால், பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் தொடங்கவே வேண்டாம்.

பெட்டி வைக்காமலும் உதவலாம்

இனி, முதலில் சொன்ன அந்த மற்ற விடைக்கு வருகிறேன். "தேனீ அழியுது, அதைக் காப்பாற்ற நானும் ஒரு பெட்டி வைக்கிறன்" என்று இளையோர் சொல்கிறார்கள். நல்ல மனம். ஆனால் பெட்டித் தேனீ அழியவில்லை. அது ஆடு, மாடு போல வளர்ப்புப் பிராணி. சுவிஸின் 14 நகரங்களை எடுத்து ஆராய்ந்து 2022 இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, 2012 இல் 3139 ஆக இருந்த பெட்டிகள் 2018 இல் 9370 ஆகிவிட்டன என்று காட்டியது. ஆறு வருடத்தில் மூன்று மடங்கு. நகரத்துப் பூக்கள் அப்படி மூன்று மடங்காகப் பெருகவில்லை.

உண்மையில் ஆபத்தில் இருப்பவை காட்டுத்தேனீக்கள். சுவிஸில் அறுநூறுக்கு மேற்பட்ட வகை உண்டு. 2024 இல் வெளியான செம்பட்டியலின்படி, ஆராயப்பட்டவற்றில் ஏறக்குறைய 45 வீதம் அழிந்தவை அல்லது அழியும் ஆபத்தில் உள்ளவை. இவை தேன் சேர்த்து வைப்பதில்லை, பெரும்பாலும் கூட்டமாக வாழ்வதுமில்லை. ஒரு தாய் தனியாகக் கூடு கட்டி, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு அறையில் மகரந்தச் சோறு உருட்டி வைத்து, முட்டை இட்டு, அறையை மூடிவிட்டுப் போய்விடும். பிள்ளை பிறக்கும்போது தாய் உயிரோடு இராது. பெரும்பாலும் இவை மனிதரைக் கொட்டுவதும் இல்லை. ஊரில் வீட்டு வளையைத் துளைத்துக் குடியிருந்த கருவண்டு ஞாபகமோ? அதன் இனத்தைச் சேர்ந்த நீலக்கறுப்பு வண்டு இங்கும் உண்டு. அதுவும் ஒரு காட்டுத்தேனீதான். வெறும் நத்தை ஓட்டுக்குள் கூடு கட்டும் ஒரு வகையும் இங்கு இருக்கிறது.

பெட்டித்தேனீ மூன்று கிலோமீற்றர் போய்ப் பூ தேடும். காட்டுத்தேனீ பலவற்றுக்குச் சில நூறு மீற்றர்தான் எல்லை. கூட்டுக்குப் பக்கத்தில் பூ இல்லாவிட்டால் பிள்ளை இல்லை. பல வகைகள் ஒரே குடும்பப் பூவின் மகரந்தத்தை மட்டுமே எடுக்கும். மணிப்பூவுக்கென்றே வாழும் தேனீ உண்டு. வெங்காயக் குடும்பத்துப் பூவுக்கென்றே வாழும் தேனீ உண்டு. நகரத்துக் கூரை ஒன்றில் நாலு பெட்டி வைத்தால், ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட வாய்கள் அந்தப் பூக்களுக்குப் போட்டியாக வந்துவிடும். ஆகவே சூரிச், பாசல், பேர்ண், ஜெனீவா நகரங்களில் மாடிவீட்டில் இருப்பவர்களுக்கு எனது அறிவுரை: பெட்டியை விடுங்கள், பூவை நடுங்கள்.

என்ன செய்யலாம்? பல்கனியில் எல்லோரும் வைக்கும் சிவப்பு ஜெரானியம் பார்வைக்கு வடிவு. ஆனால் தேனீக்கு அதில் சாப்பாடு கிடையாது. அதோடு ஒரு சட்டியில் மணிப்பூவும், இன்னொன்றில் தைம், சேஜ், ஒரிகானோவும் வையுங்கள். கறிக்கு வெட்டும் சிறுவெங்காயத் தாளில் இரண்டு கொத்தையாவது பூக்க விடுங்கள். தோட்டக் காணி வைத்திருப்பவர்கள் லீக்ஸ், வெங்காயம் ஒரு பாத்தியை வெட்டாமல் பூக்கவிட்டுப் பாருங்கள். வேலியில் ஐவி கொடி இருந்தால் வெட்டவேண்டாம். புரட்டாதி, ஐப்பசியில் அதுதான் கடைசிச் சோறு. வேலிக்குக் கிர்ஷ்லோர்பேர் நடுவதை விடுங்கள். 2024 புரட்டாதி முதலாம் திகதியிலிருந்து அதை விற்கவும் தடை.

கூடு கட்ட இடமும் வேண்டும். கடையில் விற்கும் "தேனீ ஹோட்டல்" பலவற்றில் பைன் காயும் வைக்கோலும் நிரப்பியிருக்கும். அதில் தேனீ குடியிருக்காது. நன்றாகக் காய்ந்த கடின மரத்துண்டு ஒன்றில், மரத்தின் பக்கவாட்டில், வருடவளையம் தெரியும் வெட்டுமுகத்தில் அல்ல, 2 மில்லிமீற்றரிலிருந்து 9 மில்லிமீற்றர் வரை துளைகள் போட்டு, வாயை அரத்தாளால் தேய்த்து, வெயிலும் மழை படாத இடமும் பார்த்துத் தொங்கவிடுங்கள். ஒரு பக்கம் மூடிய மூங்கில் துண்டுகளும் நல்லது. ஆனால் காட்டுத்தேனீ வகைகளில் பாதியளவு மண்ணுக்குள் கூடு கட்டுபவை. தோட்டத்தில் ஒரு மூலையை வெறுமையாக, வெயில் படும் மணலாக விடுங்கள். "அங்கை பார், மூலையை வெட்டாமல் கொத்தாமல் விட்டிருக்கினம்" என்று யாரும் சொன்னால் சொல்லட்டும். எங்கள் சனத்துக்குக் காணி துப்புரவாக இருக்கவேணும் என்பது பழக்கம். இங்கு கொஞ்சம் துப்புரவைக் குறைப்பதுதான் புண்ணியம்.

இதில் எங்களுக்கும் பயன் உண்டு. எம்மவர் தோட்டங்களில் பூசணியும் பாகலும் வெள்ளரியும் காய்ப்பது ஆண்பூவின் மகரந்தத்தை யாரோ பெண்பூவுக்குக் கொண்டு போவதால்தான். தக்காளிப் பூவை அதிர வைத்து மகரந்தத்தை உதிர்ப்பதில் கம்பளித் தேனீ எனும் ஹூம்மல் கெட்டிக்காரி. பெட்டித்தேனீக்கு அந்த வித்தை தெரியாது.

ஆகவே, கேட்டவர்களுக்கு என் விடை இதுதான். கிராமப்புறத்தில் இடமும், வருடம் முழுக்க நேரமும், இரண்டு வருடம் படிக்கும் பொறுமையும் உள்ளவர்கள் வகுப்பில் சேருங்கள். மாசி மாதமளவில் புதிய வகுப்புகள் தொடங்கும். அதற்கு முன்பே பெயரைக் கொடுத்து வையுங்கள். தனியாகப் போகத் தயங்குவோர் இருவர் மூவராகச் சேர்ந்து போங்கள். மற்றவர்கள், இந்தப் புத்தாண்டில் ஒரு பூச்சட்டியோ ஒரு துளையிட்ட மரத்துண்டோ வையுங்கள். பிள்ளைகளையும் கூட்டி வைத்துச் செய்யுங்கள். மரத்துண்டில் ஒரு துளையின் வாய் மண்ணால் அடைபட்டிருந்தால், உள்ளே ஒரு தாய் அடுத்த வருடத்துக்குப் பிள்ளை வைத்துவிட்டுப் போயிருக்கிறாள் என்று பிள்ளைக்குச் சொல்லுங்கள். அதை அடுத்த வசந்தம்வரை யாரும் தொடாமல் பார்த்துக் கொள்ளுங்கள்.